உருக்காத உருக்கு

கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால், பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் கத்தி தீட்டும் ஓசை எழும். அந்தக் கத்தியின் உருக்கு எங்கிருந்து வந்ததாயினும், உருக்கு என்னும் பொருள் அம்மலைகளுக்குப் புதியதன்று.

சமனலவெவ நீர்த்தேக்கப் பகுதியை ஆராய்ந்த தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அம்மையார், மேற்கு நோக்கிய சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் பலவற்றைக் கண்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தவை அவை. அங்கே துருத்தி ஊதுவார் இல்லை, பருவக்காற்றே ஊதியது. 1994இல் அம்மையார் அதே அமைப்பில் உலை கட்டி எரித்துப் பார்த்தார். காபன் மிகுந்த உருக்கு விளைந்தது. 1996இல் 'நேச்சர்' இதழ் இதனை வெளியிட்டது.

கல்லும் கரியும் எங்கும் உள்ளவை. செய்முறையே உருக்கைப் படைக்கிறது என்பது இதனால் விளங்கும். அதே உண்மையை இன்று தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில், இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில் காணலாம்.

அங்கு ஆராயப்படும் வேக அணு உலைகளில், எரிபொருளை அடைக்கும் குழாயின் சுவர் அரை மில்லிமீற்றர் தடிப்பும் இராது. கதிர்வீச்சு தாக்கினால் சிலவகை உருக்குகள் வீங்கும். வீக்கத்தைத் தாங்கும் வேறு வகையோ, வெப்பம் 600 பாகை செல்சியசை நெருங்கும்போது தளர்ந்துவிடும். தேயிலைச் சரிவில் மண் வழியாதபடி கல் அடுக்குகிறோம் அல்லவா? அதுபோல, உலோகத்தின் உள்ளே அணுவடுக்குகள் வழுக்காதபடி இத்திரியம் ஒட்சைட்டின் நுண்துகள்களைப் பரப்பிவைக்கிறார்கள். நூறு பங்கில் அரைப்பங்கு கூட வேண்டுவதில்லை. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கினும் சிறியது.

உருகிய உருக்கில் இதைத் தூவிக் கலக்கலாகாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஆகாது. ஒட்சைட்டு இலேசானது, ஒன்றுகூடி, கசடுபோல் மேலே மிதந்துவிடும். ஆகவே உருக்கை முதலில் உருக்கி, ஆகன் வாயுவால் சிதறடித்துத் தூளாக்குகிறார்கள். அத்தூளையும் ஒட்சைட்டையும் எஃகுக் குண்டுகள் நிறைந்த ஆலையில் இட்டுப் பல மணி நேரம் அரைக்கிறார்கள். ரொட்டி மாவை மடித்து அடித்து மீண்டும் மடிப்பதுபோல, தூள் தட்டையாகி, ஒட்டி, உடைந்து, மறுபடி ஒட்டுகிறது. ஒட்சைட்டு இரும்பினுள் கரைந்தாற்போல் ஒன்றிவிடுகிறது.

பின்பு அத்தூளைக் கலத்தில் அடைத்து, காற்றை நீக்கி, மூடிக் காய்ச்சி, அச்சின் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். இந்த வெப்பத்தில்தான் ஒட்சைட்டு நுண்துகள்களாக மீண்டும் பிரிந்து எங்கும் பரவுகிறது. இறுதியாகக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிய குழாயாக்குகிறார்கள். இடையிடையே சூடேற்றி இளக்காவிட்டால் குழாய் வெடித்துவிடும்.

இடர் இத்துடன் தீரவில்லை. குழாயின் முனையை மூட வழக்கம்போல் உருக்கி ஒட்டினால், அவ்விடத்தில் துகள்கள் மீண்டும் திரண்டு மிதக்கும். பாடுபட்டுத் தேடிய வலிமை அங்கே அழியும். ஆகவே உருக்காமல், அழுத்தியே இணைக்கவேண்டியிருக்கிறது. அரைக்கும் நேரம் தவறினாலும், தூளில் காற்று புகுந்தாலும் உருக்கின் குணம் மாறிவிடும். ஆதலால் ஒவ்வொரு படியையும் குறித்துவைப்பது இன்றியமையாதது.

சமனலவெவக் கொல்லர் தம் செய்முறையை எழுதிவைத்த ஏடு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. உலையின் சாம்பலைக் கிளறியும், மீண்டும் எரித்துமே அதனை அறியவேண்டியதாயிற்று. தோட்டத்துப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் இதனை மறவாதிருக்கவேண்டும். வீட்டில் பெரியவர்கள் கைப்பழக்கமாய்ச் செய்யும் தொழில் எதுவாயினும், கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். விஞ்ஞானம் அங்கேயும் தொடங்கும்.