கலர் படம் பாரம் தாங்குமா?

"சாஃப்ட்வேர் ஓகே சொல்லிவிட்டது, பீம் தாங்கும்!" இதைவிட ஆபத்தான பேச்சு கட்டுமானத் துறையில் உண்டா?

பாரம் ஏற ஏற கான்கிரீட் பீமின் அடியில் வெடிப்பு விழும். இழுவிசை கம்பிக்குப் போகும், பீமின் விறைப்பு குறையும். 'பாரம் இரட்டித்தால் தொய்வும் இரட்டிக்கும்' என்ற நேர்கோட்டுக் கணக்கு அங்கேயே காலி.

சரி, நேர்கோட்டை விட்டு வெடிப்பையும் கணக்கில் சேர்த்தால் போதுமா? போதாது. வெடிப்பு தின்னும் ஆற்றலைச் சரியாகக் கொடுக்காவிட்டால், மெஷ்ஷைப் பொடியாக்கினாலே விடை மாறும். பாஜாந்தும் ஓவும் 1983-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். இன்னமும் மெஷ் அளவைக்கூடச் சொல்லாமல் சிவப்பும் நீலமுமாகப் படம் காட்டுகிறார்கள்!

மெஷ் விளையாட்டுப் பொருள் அல்ல. 1991 ஆகஸ்ட் 23, நார்வே. ஸ்லெய்ப்னர் ஏ கடல் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியது. அது பீம் அல்ல, சுவர். கணக்கும் நேர்கோட்டுக் கணக்குதான். ஆனால் மோசமான மெஷ்ஷால் வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாக வந்தது. கம்பி அமைப்பும் கைவிட்டது.

1963-ல் பிரெஸ்லரும் ஸ்கார்டலிஸும் 12 பீம்களை உடைத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெக்கியோவும் ஷிம்மும் அதே போல மறுபடி வார்த்து உடைத்தார்கள். அந்த முடிவுகளோடு ஒத்துப்போகாத மாடலை எதற்கு நம்ப வேண்டும்?

ஆடிட் ஆகாத பேலன்ஸ் ஷீட்டை வங்கிகூட நம்பாது. ஆடிட் ஆகாத பீமின் கீழே மட்டும் மனிதர்கள் நிற்க வேண்டுமா?