தக்காளிச் செடிக்குப் பால் வார்ப்பதா?

மொட்டை மாடியில் நான்கு தொட்டி. நான்கிலும் தக்காளி. பூ விட்டுக் காய் பிடிக்கிற நேரம். அப்போது பார்த்து, கோலமாவைத் தூவியதுபோல் இலையில் வெள்ளை படிகிறது!

தூசி என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது தூசி அல்ல, சாம்பல் நோய். ஒரு வகைப் பூஞ்சணம். இலையின் சத்தை உறிஞ்சும். இலை மஞ்சளாகிக் காயும். நிழல் போனதும் காய் வெயிலில் வெம்பும்.

வேறு சிலர் உரக்கடைக்கு ஓடுகிறார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை வாங்கி வருகிறார்கள். இது சரியல்ல.

அதே மாடியில்தான் வடாம் காய்கிறது. குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். பழுத்த பழத்தைப் பறித்து, சட்டையில் துடைத்து, அப்படியே கடிப்பது பிள்ளைகளின் வழக்கம். மருந்து அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று டப்பாவில் எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டா பறிக்கிறார்கள்?

அடுப்படியிலேயே மருந்து இருக்கிறது. அதுதான் பால்!

பிரேசில் நாட்டு விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல் இதைச் சோதித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒரு பங்கு பால் கலந்த தண்ணீரே, கடை மருந்துக்கு ஈடாக நோயை அடக்கியது. அவர் தெளித்தது தக்காளிக்கு அல்ல. பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினிச் செடிக்கு. ஆனாலும் இதே வகை நோய்தான். தக்காளிக்கும் செய்து பார்க்கலாம்.

"பிள்ளைக்கே பால் போதவில்லை, செடிக்கு வேறா?" என்று வீட்டுப் பாட்டி கேட்பார். நியாயமான கேள்வி! நான்கு தொட்டிக்கு அரை லிட்டர் கலவை போதும். அதில் பால் 50 மில்லிதான். அரைத் தம்ளர்கூட இல்லை.

காலை வெயிலில், இலையின் இரு புறமும் நனையத் தெளிக்க வேண்டும். வாரம் ஒரு முறை போதும். பாலை அளவுக்கு மீறிக் கூட்ட வேண்டாம். நாற்றம் கூடும்.

பால் மட்டும் போதாது. இந்த நோய்க்கு ஈர இலை தேவையில்லை. நிழலும் நெருக்கமும் போதும். சுவரோரம் ஒட்டி வைத்த தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்த வேண்டும். நடுவே ஒரு முழம் இடைவெளி விட வேண்டும். வெள்ளை படிந்த இலைகளைக் கிள்ளி, தொட்டியிலேயே போடாமல், பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. கொஞ்சம் சோப்புக் கரைசல். இதை மட்டும் மாலையில் தெளிக்க வேண்டும்.