புலிக்கு மட்டும்தானா தானியங்கி கேமரா?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டார மானாவாரி விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி புதுசு இல்லை. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது தட்டைதான் மிச்சம். நிவாரணம் கேட்டு மனு கொடுக்கப் போனால், எத்தனை பன்றி, எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற கேள்வி வரும். காட்டுவதற்குக் குளம்புத் தடத்தையும் கிளறிப்போட்ட மண்ணையும் விட்டால் வேறு ஒன்றும் இருக்காது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பக்கம் காடு என்றாலே சீமைக்கருவேலம்தான். கண்மாய்க்குள்ளும் தரிசிலும் பகலெல்லாம் படுத்துக்கிடக்கும் பன்றிக்கு மலை எதற்கு? எந்தப் புதர், எந்த நேரம் என்று தெரியாமல் துப்பாக்கியோடு வருபவர் என்ன செய்துவிட முடியும்?

தானியங்கி கேமராவுக்கு வேலை இருப்பது இங்கேதான். உடம்புச் சூட்டோடு ஒன்று அசைந்தால் உணர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் படமெடுத்து, தேதியையும் நேரத்தையும் பதிந்துவிடும். தடம் விழும் வழியில், முழங்கால் உயரத்தில் ஒரு மரத்தில் கட்டினால் போதும்.

இதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், 2021-ல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் இது பழகிப்போன கருவி. 2018 புலிகள் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்து, சுமார் 3.5 கோடி படங்கள் எடுத்தார்கள், கின்னஸ் சாதனையானது. கரிசல் காட்டுக்கு நாலு கேமரா கேட்டால் அதிகமா?

குறைகளும் உண்டு. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, அதனால் எண்ணலாம். பன்றிக்கு அந்த வசதி இல்லை. ஒரே பன்றி பத்துப் படத்தில் வந்தால் பத்துப் பன்றி ஆகிவிடாது. வரும் வழியும் நேரமும் தெரியும், கூட்டத்தின் அளவு தோராயமாகத் தெரியும், அவ்வளவுதான். இன்னொன்று வெயில். சுற்றுப்புறச் சூடும் விலங்கின் சூடும் நெருங்கிவிட்டால் கருவி ஏமாந்துபோகும். பன்றி பெரும்பாலும் ராத்திரி நடமாடுவதால் இங்கே தப்பித்தோம்.

பெரிய சிக்கல் வேறு. சீமைக்கருவேலக் காட்டுக்கு விறகுக்கும் ஒதுங்கவும் போகிறவர்கள் பெண்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்காக வைத்த கேமராக்கள் பெண்களை வேவு பார்க்கவும் மிரட்டவும் பயன்பட்டதை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளிப்படுத்தினார்கள். ஆகவே கேமரா வைக்கும் இடத்தை ஊரில் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பெண்கள் போகிற பாதையைத் தவிர்க்க வேண்டும். பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்து ஓடத் தொடங்கி, விடியும் முன்னே நிற்கும்படி நேரத்தை அமைத்துவிடலாம். மனிதர் விழுந்த படத்தை அன்றே அழிக்க வேண்டும். மெமரி கார்டு தனி ஆள் கையில் இருக்கவே கூடாது.

புரட்டாசியில் விதைத்த சோளம் மார்கழியில் கதிர் பிடிக்கும். ஐப்பசிக்குள் வனத்துறை கேமராவைக் கட்டிவிட்டால், அதற்குள் ஒன்றரை மாதப் படம் கையில் இருக்கும்.