தோற்பதற்கும் ஆட்டம் வேண்டும்

ஆங்கில விளையாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும்போது தகராறு செய்யும் சொற்களில் 'சீசன்' ஒன்று. பருவம் என்று எழுதினால் கல்லூரி மாணவர்களுக்குப் பருவத்தேர்வு ஞாபகம் வரும். அப்படியே சீசன் என்று விட்டுவிட்டால் நமக்குக் குற்றாலமும் சபரிமலையும் மாம்பழமும்தான் கண்ணில் தெரியும். ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு சீசன் என்றால் என்ன? சில மாதங்கள், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஆட்டங்கள், முதல் மாதத்தில் தோற்றவர்களிடம் மூன்றாம் மாதத்தில் பழிதீர்க்கும் வாய்ப்பு, நடுவில் ஒரு சரிவு, கடைசியில் ஒரு கணக்கு. இதற்குத் தமிழில் சொல் இல்லை என்பது பெரிய குறையல்ல. அந்தப் பொருளே நம்மிடம் இல்லை என்பதுதான் குறை.

அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்று நவம்பரில் ஆடத் தொடங்கினால் மார்ச் வரை 30 ஆட்டங்களை ஒட்டி ஆடுகிறது. அதன் பிறகே, நாடே நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கும் தேசியப் போட்டி. 1939-இல் 8 அணிகளோடு ஆரம்பித்து 2011-இல் 68 அணிகளாக வளர்ந்த அந்தப் போட்டி நாக் அவுட் முறைதான். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அப்படிப் போகிறவர் அதற்கு முன் முப்பது முறை ஆடியிருக்கிறார். 2021 ஜூலை முதல் அந்த மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பார்க்கிறார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. அந்தப் பணம் நமக்கு எட்டாத கதை. முப்பது என்ற எண் அப்படி எட்டாததா என்பதே என் கேள்வி.

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் அரசுக் கல்லூரி இருக்கிறது. தமிழில் முதுகலை வரை படிக்கலாம். அங்கே தமிழ் படிக்கிற, ஆறடி உயரமுள்ள ஒரு பையனை வைத்துக்கொள்வோம். அவன் கல்லூரி அணிக்குத் தேர்வாகிறான். நம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளின் வழக்கமான அமைப்பு, முதலில் நாக் அவுட், எஞ்சும் நான்கு அணிகளுக்கு மட்டும் லீக். 16 அணிகள் கலந்துகொண்டால் முதல் சுற்றிலேயே 8 அணிகளின் ஆண்டு முடிந்துவிடும். நாக் அவுட்டில் எத்தனை அணிகள் சேர்ந்தாலும் சராசரியாக ஓர் அணிக்கு இரண்டு ஆட்டம்கூடக் கிடைக்காது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டம் 40 நிமிடம். நம் பையன் மாற்று ஆட்டக்காரன் என்றால் அவன் பங்கு பத்து நிமிடமோ பன்னிரண்டு நிமிடமோ. ஜூன் மாதம் சேர்ந்து, விடியற்காலையில் எழுந்து, ஷூ வாங்க வீட்டில் மன்றாடி, அவன் கண்ட 'சீசன்' அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான்.

இடுக்கிப் பக்கம் போனால் இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. அந்த மாவட்டம் கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. மூணாறிலிருந்து கோட்டயம் ஏறக்குறைய 140 கி.மீ., அதுவும் மலைச்சாலை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பையன் அவ்வளவு தூரம் இறங்கிப் போய், கூடைப்பந்தில் ஊறிய கோட்டயம், சங்கனாச்சேரிக் கல்லூரி ஒன்றிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, அன்று இரவே திரும்பி ஏறவேண்டும். அடுத்த முறை ஆட ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பில் மூன்று ஆட்டம்.

'விளையாட்டுதானே, போகட்டும்' என்று விட்டுவிட முடியாது. இதில் வேலை இருக்கிறது. மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர் விண்ணப்பிக்கலாம். கேரள அரசு தன் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50 பேர் என்று வைத்திருக்கிறது. கேரள மின்வாரியத்துக்கும் சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் பெயர்பெற்ற கூடைப்பந்து அணிகள் உண்டு. இந்தக் கதவுகளுக்கெல்லாம் சாவி பல்கலைக்கழக அணியின் 12 பேரில் ஒருவனாக வருவது. அந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்குகிறவர்கள் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். கடைசி நான்கு வரை வந்த கல்லூரியின் பையனை அவர்கள் ஐந்தாறு முறை பார்க்கிறார்கள். மலைக்கல்லூரிப் பையனை ஒருமுறை, அதுவும் தோற்றுக்கொண்டிருக்கும்போது பார்க்கிறார்கள். அன்று காய்ச்சல் என்றால் அதுவும் இல்லை. திறமை இல்லாமல் விழுகிறவர்களைவிட, திறமை தெரியாமல் விழுகிறவர்கள் இந்த முறையில் அதிகம் என்று நினைக்கிறேன்.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடைந்து கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தது கூடைப்பந்து. இரண்டு பீச் பழக்கூடைகள், 13 விதிகள். கூரைக்குக் கீழே ஆடுவதற்கென்றே பிறந்த விளையாட்டு அது. ஒய்.எம்.சி.ஏ. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி அதைத் தென்னாட்டுக் கல்லூரிகளில் பரப்பியது. விளையாட்டு வந்தது, கூரை பெரும்பாலும் வரவில்லை. கல்லூரி திறக்கிற ஜூனில் இடவப்பாதி மழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் துலாமழை. திறந்தவெளி சிமெண்ட் களத்தில் பாசி படிந்தால் ஓடுகிறவன் முழங்கால் போகும். மூணாறு அரசுக் கல்லூரிக்கு 2018 ஆகஸ்டில் நேர்ந்தது அதைவிடப் பெரிது. மண்சரிவில் கட்டடமே சிதைந்து வகுப்புகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வகுப்பறைக்கே இடம் தேடும் நிலையில் கூடைப்பந்துக் களம் எங்கே என்று யாரிடம் கேட்பது?

மழை விட்ட மாதங்களைத் தேர்வு எடுத்துக்கொள்கிறது. 2009-இல் கேரளத்தில் பட்டப்படிப்புக்கு செமஸ்டர் முறை பரவலாக வந்தது. 2024-இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. ஆண்டுக்கு ஒரு தேர்வு என்றிருந்த காலத்தில் கிடைத்த நீண்ட இடைவெளி இப்போது இல்லை. மொழிபெயர்ப்பில் மட்டுமல்ல, காலண்டரிலும் பருவத்தேர்வு பருவத்தைத் தின்றுவிட்டது.

இதிலுள்ள வேடிக்கை, இந்தப் பையன்களைச் சுற்றிக் கூடைப்பந்துக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ஒன்றரை மணி நேரத்தில் கோவை. பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று நாட்டின் சிறந்த அணிகள் வந்து ஆடுகிற ஊர். போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி மாவட்டம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி 60 ஆண்டுகளைக் கடந்தது. கோடை விடுமுறையில், மின்னொளியில், ஊரே கூடிப் பார்க்கும். எல்லையோரத்துப் பையன் அங்கெல்லாம் போய்ப் பார்க்கலாம், கைதட்டலாம். ஆடத்தான் முடியாது. அவை பெரியவர்களின் போட்டிகள். பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆடலாம் என்றால் அந்தக் கல்லூரி வேறு பல்கலைக்கழகம்.

இந்தக் கோடு பழையதல்ல. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த கல்லூரி. 1956-இல் மாநிலங்கள் பிரிந்த பிறகு கேரளப் பல்கலைக்கழகத்துக்கும், 1968-இல் கோழிக்கோட்டில் பல்கலைக்கழகம் வந்ததும் அதற்கும் போயிற்று. மதுரைக்கு 1966-இலும், கோவைக்கு 1982-இலும், கோட்டயத்துக்கு 1983-இலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. படிப்புக்கு அது நல்லது. ஆனால் சித்தூரும் பொள்ளாச்சியும், மூணாறும் போடியும் ஒரே போட்டியில் சந்திக்க வேண்டுமென்றால், அவரவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென்மண்டலப் போட்டிக்குப் போய்த்தான் சந்திக்க வேண்டும் என்றாகிவிட்டது.

சரக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் இந்தப் பக்கம் போடியிலும் அந்தப் பக்கம் புற்றடியிலும் மாறி மாறி ஏலம் போகிறது. போடியில் உள்ள சி.பி.ஏ. கல்லூரியின் பெயரிலேயே ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் சங்கம் இருக்கிறது. கேரளத்து மலையில் விளைந்த காய் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. காய் தாண்டுகிற எல்லையைப் பந்து தாண்டக் கூடாதா?

செலவு அதிகம் என்று சொல்வார்கள். 16 அணிகளின் நாக் அவுட்டுக்கு மொத்தம் 15 ஆட்டங்கள். 6 அணிகளின் லீக்குக்கும் 15 ஆட்டங்கள்தான். அதே நடுவர் படி, அதே எண்ணிக்கை. ஆனால் ஒவ்வோர் அணிக்கும் 5 ஆட்டம் உறுதி. நம் களத்தில் ஒன்று, அவர்கள் களத்தில் ஒன்று என்று வைத்தால் 10. பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி, கோவை ஒரு வட்டம். மூணாறு, போடி, தேனி, உத்தமபாளையம் இன்னொரு வட்டம். காலையில் புறப்பட்டு ஆடி முடித்து இரவுக்குள் வீடு திரும்பலாம். தங்கும் செலவு இல்லை.

உண்மையான தடை பணமல்ல, தாள். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் சொந்த முயற்சியில் பக்கத்துக் கல்லூரியோடு ஒரு 'ஃப்ரெண்ட்லி' ஏற்பாடு செய்தால் அதற்கு ஓ.டி. கிடைப்பது கஷ்டம், வருகைப் பதிவில் அடி விழும். சர்டிபிகேட் இல்லை, மதிப்பெண் சலுகை இல்லை, தேர்வாளர் எட்டிப் பார்க்கமாட்டார். நான்கு பல்கலைக்கழகங்களும் கலந்து, 'இந்த லீக் ஆட்டங்களுக்கு ஓ.டி. உண்டு, அணித் தேர்வுக்கு இந்த ஆட்டங்களும் கணக்கில் வரும்' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் மேல்மாடிக்கு நல்ல வெளிச்சம் போட்டிருக்கின்றன. கல்லூரிகளுக்கு லீக் என்ற திட்டத்தைக் கேரள அரசும் அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். அந்த லீக்கில் கூடைப்பந்துக்கும் இடம் வேண்டும், மலைக்கல்லூரிக்கும் இடம் வேண்டும், பக்கத்து மாநிலக் கல்லூரியை விருந்தாளியாகவாவது கூப்பிட வேண்டும்.

இப்படி ஆடினால் சித்தூரும் மூணாறும் ஜெயித்துவிடுமா என்று கேட்டால், முதல் ஆண்டு பெரும்பாலும் தோற்கும். அதனால் என்ன? 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி ஆடிய 7 ஆட்டங்களிலும் தோற்றது. நாம் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது அந்த ஒருமுறைதான். ஆனால் தோற்றுக்கொண்டே இருந்த அணிக்கும் அங்கே ஏழு ஆட்டம் தந்தார்கள். விளையாட்டைக் கண்டுபிடித்த நைஸ்மித்தே கான்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக ஜெயித்தது 55, தோற்றது 60. அவருக்கு 115 ஆட்டங்கள் கிடைத்தன என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை மலையிலும் மழை குறைவு; களம் காய்ந்திருக்கும். அந்த மூன்று மாதத்தில் பன்னிரண்டு சனிக்கிழமைகளாவது வரும். பத்து ஆட்டத்துக்குப் போக இரண்டு மிச்சம், தேர்வுக்கு வைத்துக்கொள்ளட்டும்.