தீக்குச்சிப் பிரசங்கம்

மேடையில் நிற்கும் போதகர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுக்கிறார். ஒரு குச்சியை உரசுகிறார். சபையே அமைதியாகப் பார்க்கிறது. "இந்தச் சின்னக் குச்சி தன்னையே எரித்துக்கொண்டு வெளிச்சம் கொடுக்கிறது. கிறிஸ்தவ ஜீவியமும் இப்படித்தான் இருக்க வேண்டும்!" குச்சி அணைகிறது. 'ஆமென்' என்கிறது சபை.

தமிழ்நாட்டில் இந்தப் பிரசங்கத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்காத கிறிஸ்தவர் குறைவு. ஞாயிறு பள்ளியில், வி.பி.எஸ்.ஸில், வாலிபர் முகாமில்... பென்சிலில் ஒரு பாடம், டீ வடிகட்டியில் ஒரு பாடம், பஸ்ஸைத் தவறவிட்டதில் ஒரு பாடம். அன்றாட வாழ்க்கையில் ஆண்டவரின் பாடத்தைத் தேடுவது நல்ல பழக்கம்தான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதே பிரசங்கம் விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் நடந்தால்?

ஆலங்குளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது அரசு சிமெண்ட் ஆலை. ஆனால் அங்கிருந்து வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி என்று எந்தப் பக்கம் போனாலும் தீப்பெட்டியும் பட்டாசும்தான் பிழைப்பு. மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயத்துக்கு ஆகாத அந்தக் காய்ந்த காற்றுதான் இந்தத் தொழிலுக்குத் தோதானது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழில் இது. காலையில் வேன் வரும், தூக்குவாளியோடு பெண்கள் ஏறிப் போவார்கள். அவர்கள் போகும் இடத்துக்குப் பெயர் 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பயர் ஆபீஸ்'. நாற்காலியும் மின்விசிறியும் இல்லாத ஆபீஸ்!

அந்த ஊரில் போதகர் உரசும் குச்சியைப் பெட்டியில் அடைத்தவரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். 'தன்னையே எரித்துக்கொள்வது' என்ற வார்த்தை அவர் காதில் எப்படி விழும்? பக்கத்து வீட்டுக்காரரைத் தீக்காய வார்டில் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது உவமையே அல்ல.

இங்கேதான் கோளாறு. குச்சியில் பாடம் படிக்கிறார்கள். குச்சியைச் செய்த கையில் படிப்பதில்லை.

"இயேசுவே அன்றாடப் பொருட்களைத்தானே உவமையாகச் சொன்னார்?" என்று கேட்கலாம். சொன்னார். எப்படிச் சொன்னார் என்றும் பார்க்க வேண்டும். மத்தேயு 20-இல் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமை இருக்கிறது. ஒரு நாள் கூலி எவ்வளவு என்று அதில் இருக்கிறது. எந்தெந்த நேரத்தில் ஆள் எடுப்பார்கள் என்று இருக்கிறது. யாரும் கூப்பிடாததால் சாயங்காலம் வரை சந்தையில் நின்றவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. அது பரலோக ராஜ்யத்தைப் பற்றிய உவமைதான். ஆனால் கூலிக்காரன் பிழைப்பைக் கிட்டத்தில் நின்று பார்க்காதவர் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. தொலைந்த காசைத் தேடி வீட்டைப் பெருக்கும் பெண்ணும், மாவில் புளிப்பு சேர்க்கும் பெண்ணும் அப்படித்தான். அவர் பொருளைக் காட்டினார், ஆளை மறைக்கவில்லை.

சரி, விபத்துகளுக்கு வருவோம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைக் கண்டு ஓடி வந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள், காப்பாற்றப் போனவர்கள். அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். நல்ல சமாரியன் கதைக்கு உதாரணம் தேடி அமெரிக்கா வரை போகும் பிரசங்கிகளுக்கு முதலிப்பட்டி ஏன் கண்ணில் படுவதில்லை?

2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடையிலும் அதற்குப் பிறகும் வருடம் தவறாமல் சின்னதும் பெரியதுமாக விபத்துகள்.

அப்போது சபைகளில் கேட்கும் வார்த்தை 'கர்த்தருடைய சித்தம்'. இதற்கும் சுவிசேஷத்தில் பதில் இருக்கிறது. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்துப்போனது அந்த நாளின் பேச்சு. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற எண்ணத்தை இயேசு ஒரே அடியில் மறுத்தார் (லூக்கா 13). கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்காதே, உயிரோடிருக்கும் உன் கணக்கைப் பார் என்பதுதான் அந்தச் செய்தியிலிருந்து அவர் எடுத்த பாடம்.

"பிரசங்கம் ஆத்துமாவுக்கு. பாதுகாப்பையெல்லாம் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார்" என்பது அடுத்த வாதம். உபாகமம் 22-ஐப் புரட்டினால் இந்த வாதம் நிற்காது. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து சாகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது நியாயப்பிரமாணம். இது ஒரு பாதுகாப்பு விதி. அதுவும் வேதத்துக்குள்!

பட்டாசுத் தொழிலின் கைப்பிடிச்சுவர்கள் எவை என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் பருத்தித் துணி. அறைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தக் கூடாது. லைசென்ஸ் வாங்கியவர் உள்குத்தகைக்கு விடக் கூடாது. விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் வருவது பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்றை மீறிய கதைதான். இந்த ஆலைகளில் பங்கும் மேற்பார்வையும் வைத்திருப்பவர்களில் ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தோடு வருகிறவர்கள் ஒருவருமே இல்லையா? அவர்களுக்கு உபாகமம் 22 பிரசங்கிக்கப்பட்டதா?

"இப்படிப் பேசினால் தொழிலே போய்விடும், ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள்." இது பொய்யான பயம் இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு ஆலைகள் மூடிக் கிடந்தன, தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரியாத நாட்கள் உண்டு. ஆனால் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்வது வீட்டை இடிக்கச் சொல்வதல்ல. நாலு பேர் அறையில் நாலு பேரை உட்கார வை என்று சொன்னால் எந்தத் தொழில் அழியும்?

சிவகாசித் தீப்பெட்டியைப் பார்த்து, இதைச் செய்தது யார் என்று கேட்டவர் ஒருவர் உண்டு. எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர். அவர் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் பிள்ளைகளை வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அவர் பிரசங்கி இல்லை!

பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் வாழ்ந்த எமி கார்மைக்கேல் மலையிலும் காட்டிலும் ஆண்டவரின் பாடங்களைக் கண்டு எழுதியவர். ஆனால் 1901-இல் கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்த ஏழு வயதுச் சிறுமியை அவர் ஒரு உதாரணமாக எழுதிவிட்டு நகரவில்லை. வீட்டில் வைத்துக்கொண்டார். மீதி வாழ்நாள் முழுவதும் அந்த மாதிரிப் பிள்ளைகளோடுதான் போனது. அன்றாடத்தில் பாடம் படிப்பது என்றால் இது.

படித்த பாடம் படித்தவரைத் திரும்ப அந்த இடத்துக்கே அனுப்ப வேண்டும். அனுப்பாத பாடம் பாடமல்ல, பொழுதுபோக்கு. ஏமாற்றப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதி ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆகிறது. இன்னும் குச்சியின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி?

அடுத்த முறை மேடையில் தீப்பெட்டி வெளியே வரும்போது, யாராவது ஒரு வாலிபப் பிள்ளை எழுந்து மூன்றே கேள்வி கேட்கட்டும். ஐயா, இதை அடைத்தது யார்? அவர்களுக்கு என்ன கூலி? அவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு எத்தனை வாசல்?

பதில் தெரிந்த பிறகு குச்சியை உரசலாம்.