கல்லீரல் கட்டின்னு நினைச்சா... உதரவிதானத்தில் ஒளிந்திருக்கும் ரத்தநாளக் கட்டி! ஸ்கேனில் எப்படி தெரியும்?

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் 'கல்லீரலை ஒட்டி ஒரு கட்டி' என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் அபூர்வமாக, அந்தக் கட்டி கல்லீரலிலேயே இருக்காது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைதான் உதரவிதானம். தடிமன் சில மில்லிமீட்டர்தான். ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு உருவாகும் 'ஹீமாஞ்சியோமா' கட்டி கல்லீரலில் சகஜம். உதரவிதானத்தில் வருவது மிக மிக அரிது. இது புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது.

அப்புறம் என்ன சிக்கல்? இடம்தான். மேலே நுரையீரல், கீழே கல்லீரல், நடுவில் மெல்லிய தசை. குறுக்குவெட்டுப் படத்தில் மட்டும் பார்த்தால் கட்டி எங்கே கிளம்பியது என்றே பிடிபடாது. அதனால் சி.டி. ஸ்கேன் படங்களை முன்பக்க, பக்கவாட்டுக் கோணங்களிலும் மாற்றிப் பார்க்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் இன்னொரு வசதி உண்டு. மூச்சை இழுத்து விடச் சொல்லி, கட்டி கல்லீரலோடு சேர்ந்து நகர்கிறதா, தனியாக நிற்கிறதா என்று அப்போதே பார்க்கலாம். உதரவிதானத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் கிளை கட்டிக்குள் போவது தெரிந்தால், அதுவும் நல்ல துப்பு.

சரி, அது ஹீமாஞ்சியோமாதான் என்று எப்படி சொல்வது? கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் முதலில் ஓரங்களில் திட்டுத்திட்டாக வெளுக்கும். சில நிமிடங்களில் மெதுவாக நடுப்பகுதி வரை நிரம்பும். உள்ளே ரத்தம் ஆமை வேகத்தில் ஓடுவதுதான் காரணம். இதைப் பிடிக்கத்தான் இடைவெளி விட்டு விட்டு படம் எடுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யின் 'டி2' படத்தில் பல்பு போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும்.

எல்லாக் கட்டியும் இப்படி சொன்னபடி கேட்காது. சில புற்றுநோய்க் கட்டிகளும் கிட்டத்தட்ட இதே தோற்றம் காட்டும். 'ஊசி குத்தி சதை எடுத்துப் பார்த்துடலாமே'ன்னு கேட்கலாம். கட்டி முழுக்க ரத்தம் என்பதால் ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது. அதோடு ஊசியில் வெறும் ரத்தம் மட்டுமே வரவும் வாய்ப்புண்டு. அதனால்தான் பயாப்சிக்கு முன் ஸ்கேன் படங்களை முழுசாக அலசுவது முக்கியம். அப்படியும் சந்தேகம் தீராமல், ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பரிசோதித்த பிறகே உறுதியாகும் கேஸ்களும் உண்டு.

சிறிய கட்டி, தொந்தரவும் இல்லை என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று கண்காணிப்பார்கள். அப்போது ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாதீங்க. பழைய ஃபிலிமையும் டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க. ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அந்தப் படங்கள் வேணும்.