காற்றிலும் பங்கு உண்டு

கம்பி வேண்டாம், காற்றிலேயே வீட்டுக்கு இணையம் வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் ஒரு கோபுரம் ஒரு திசையில் வீசும் அலைக்கற்றையை அந்தத் திசை வீடுகள் எல்லாம் பங்கு போட்டுத்தான் ஆகணும்.

2022 ஏலத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் ஜியோ எடுத்ததில் இரண்டைப் பாருங்கள். 26 கிகாஹெர்ட்ஸில் 1000 மெகாஹெர்ட்ஸ்: அகலம், ஆனால் மறைப்பு தாங்காது. 700 மெகாஹெர்ட்ஸில் போக 10, வர 10: தூரம் போகும், ஆனால் ஒடுக்கம். அகலச் சாலை கோபுரத்தின் பக்கத்து வீட்டுக்கு. ஒற்றையடிப் பாதை கடைசித் தெருவுக்கு. மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்தால் சிக்னல் தேறும். குடிசைக்கு ஏது மாடி?

சிக்னல் மெலிந்த வீட்டுக்கு அதே படத்தை அனுப்பக் கோபுரத்துக்கு அதிக நேரம் பிடிக்கும். பக்கத்து வீடுகளுக்கே நேரத்தைக் கொடுத்தால் மொத்த வேகம் கூடும், கடைசி வீடு காய்ஞ்சு கிடக்கும். எல்லோருக்கும் சம வேகம் என்றால் மொத்தம் குறையும். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது? அதைத் தொழில்நுட்பம் என்கிறார்கள். இல்லை தோழர்களே, அது பங்கீடு.

மொத்தம் எவ்வளவு என்பதல்ல நம் கேள்வி. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி வீட்டுக்கு எவ்வளவு? அந்தக் குறைந்தபட்ச வேகத்தை எழுத்தில் கேட்போம். அதுக்கு இன்னொரு கோபுரம் வேணுமா? அது கம்பெனியின் செலவு.